ஒத்தையாளுக்கு மயக்க மருந்து

கேமரன் மலையில் ஒத்தையாளைப் போல ஆபத்தான மனிதர் பிறந்ததே இல்லை. பறித்த தேயிலைக் கொழுந்தை ஏற்றும் லோரிக்கு அவர்தான் டிரைவர். உலகத்தில் தான் ஒருவர் மட்டுமே நிஜம், மற்றதெல்லாம் தான் பார்க்கும்போது முளைப்பவை என்று நம்பினார். நம்பிவிட்டுப் போகட்டும், லோரியும் அல்லவா ஓட்டினார்!

எழுபதுகளின் கடைசியில் நான் அந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. ஒருநாள் தானா ராத்தா டவுனுக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். கண்மறைவான வளைவு. ஹாரன் சத்தத்தையே காணோம்.

"அண்ணே, ஹாரன் அடிங்க!"

"யாருக்கு? நான் போய்ப் பாக்குற வரைக்கும் அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல லா."

அந்தப் பக்கம் திரிங்காப்பிலிருந்து வந்த முட்டைக்கோஸ் லோரி இருந்தது. ஒரு சாண் இடைவெளியில் இரண்டும் நின்றன. அவர் திரும்பி, "பாத்தியா, வந்துருச்சு" என்றார்.

விஷயம் தெரிந்து, வேலையை விட்டே நிறுத்திவிடுவேன் என்று தோட்ட மேனேஜர் துரை கத்தினார். ஒத்தையாள் என் காதோரம் சொன்னார்: "நான் போயிட்டா அவரும் இருக்க மாட்டாரு. பாவம், தெரியல."

அப்படிப்பட்டவருக்கு ஒரு மழைநாளில் குடல்வால் வீங்கிவிட்டது. உடனே அறுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றார் தானா ராத்தா ஆஸ்பத்திரி டாக்டர். இவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். வலியில் சுருண்டபடி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தூங்குறப்பகூட கனவுல உங்களயெல்லாம் வச்சிருக்கேன். மயக்க மருந்துல கனவும் வராதாம்பா! அப்ப நீங்க எங்க போவீங்க? இந்தா நிக்கிறாளே என் பொஞ்சாதி, இவ எங்க போவா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்களை மதிக்காத மனிதர் என்றல்லவா நினைத்திருந்தேன்? இராப்பகலாகக் காவல் காத்திருக்கிறார்!

கொழுந்துக் கூடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்திருந்த அவர் மனைவி அஞ்சலை அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் இல்லாம போனா போறேன். நீங்க பொழச்சு எந்திரிங்க. போடுங்க கையெழுத்த."

ஒத்தையாள் அதிர்ந்துபோனார். "ஏய், இத நான் நெனைக்கவே இல்லியே! நீயாவா சொன்னே?"

"வேற யாரு சொல்லுவா?"

அக்காவின் முகத்தையே பார்த்தபடி கையெழுத்துப் போட்டார்.

கண் விழித்ததும் அக்காவின் விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பேயைக் கண்டவர் போல முகம் வெளிறியிருந்தது.

"நான் இல்லாதப்ப... என்னா நடந்துச்சு?"

மழை விட்டதை, நர்ஸ் ஏசியதை, தான் அழுததை அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் வாயைப் பிளந்து கேட்டார். நிறுத்தினால், "அப்புறம்?" என்றார்.

பிறகு கதவருகில் நின்ற என்னைக் கூப்பிட்டார். "நீ என்னா பாத்தே? சொல்லுப்பா."

தோட்டத்துக்குக் கடைசி பஸ் கிளம்பும் நேரம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.