வாவு முகம்மது சேர்த்த தன்னார்வலர்கள்

வாவு முகம்மது தன்னுடைய சுல்தானைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். வாதாமரத்தடியில் நின்று அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நுனியைச் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது. அந்தத் தெருவில் அவரைக் கண்டதும் தானாக ஓடி வருகிற ஒரே ஜீவன் அந்தக் கிடாய்தான்.

"நாளைக்கு நீ ஊருக்காகப் போறே சுல்தான்," என்று கழுத்தைத் தடவிக் கொடுத்தார். கிடாய் சாரத்தில் இன்னொரு வாய் கடித்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் பக்கத்து வீட்டு ரிஃபாய்.

கடலுக்கு அப்பால் எங்கோ ஓர் அறக்கட்டளை. கூலி வாங்காமல் ஊருக்கு உழைக்கிறவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் தேடிப் பிடித்துச் சின்னதாக ஓர் உதவித்தொகை கொடுப்பது அதன் வேலை. ரிஃபாயும் கூட்டாளிகளும் ஞாயிறுதோறும் கடலில் இறங்கி, பாறையில் சிக்கிக் கிடக்கும் கிழிந்த வலைகளை அறுத்து எடுத்து வந்தார்கள். உதவி கிடைத்தது. அதோடு விட்டிருந்தால் வாவு முகம்மது மன்னித்திருப்பார். ஆனால் அறக்கட்டளையின் இணையப் பக்கத்தில் படம் வந்துவிட்டது. மேலே பெரு நாட்டுக்காரர்கள் மரம் நடுகிறார்கள். கீழே கென்யாக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள். நடுவில் ரிஃபாய், முப்பத்திரண்டு பல்லும் தெரிய.

"இவன் பல்லை உலகமே பாக்கணுமா?" என்று போனை மனைவியிடம் நீட்டினார்.

ஜஸீலா கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "நல்ல பல்லுதானே மச்சான். வரிசையா இருக்கு."

"துபாயில இருந்தப்ப என் பல்லும் வரிசையாத்தான் இருந்துச்சு."

"அங்கனயே வச்சுட்டு வந்துட்டிய போல."

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. தானும் ஒரு திட்டம் போட்டார். கடற்கரையைச் சுத்தம் செய்வது. ரிஃபாய் கடலுக்குள்ளே என்றால் இவர் கடலுக்கு வெளியே. அறக்கட்டளைக்கு எழுதிப் போட்டதும் பதில் வந்தது: சென்னையிலிருந்து எங்கள் ஆள் ஒருவர் ஞாயிறு காலை வருவார், உங்கள் தன்னார்வலர்கள் வேலை செய்வதைப் பார்ப்பார்.

தன்னார்வலர்களுக்கு எங்கே போவது? தெருத் தெருவாகக் கேட்டார். ஒருத்தர் முட்டுவலி என்றார். ஒருத்தர் வெயில் என்றார். மூன்றாமவர், "நான் ரிஃபாய் காக்காகூடப் போறேனே," என்றார். அவரோடு வாவு முகம்மது இன்றுவரை பேசுவதில்லை.

அப்போதுதான் சஹன் ஞாபகம் வந்தது. பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோறும் கறியும் குவித்து, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து கைவைக்கிற சஹன் சாப்பாடு. அதற்குக் கூப்பிட்டு வராத ஆம்பளை அந்தக் கரையில் இன்னும் பிறக்கவில்லை.

"ஜஸீலா, சுல்தானை அறுத்துருவமா?"

புயல் அடிக்கும் என்று சுவரோரமாக ஒதுங்கி நின்றுதான் கேட்டார். அடிக்கவில்லை.

"அறுங்க மச்சான். ஊருக்குத்தானே."

"அழமாட்டியே?"

"என் முருங்கைக் கன்னை மூணு தடவை தின்ன கிடாய்க்கு நான் எதுக்கு அழணும்?"

"அப்ப எல்லா வீட்டுக்கும் நீயே சொல்லிரு. நான் சொன்னா ஒருத்தனும் வரமாட்டான். விடியக்காலை பஜ்ர் தொழுதுட்டு நேரா கடக்கரைக்கு வரணும். வேலை முடிஞ்சாத்தான் சோறு."

"நான் பாத்துக்கிறேன்," என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆன பிறகும் அந்தச் சொல்லைக் கேட்டு நிம்மதியாகத் தூங்குகிற ஆண்கள் உண்டு. வாவு முகம்மது தூங்கினார்.

ஞாயிறு விடிந்தது. தொழுகை முடிந்த கையோடு கையுறைக் கட்டும் காலிச் சாக்குகளுமாகக் கடற்கரையில் போய் நின்றார். ஒரு நாய் வந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு அதுவும் போனது. வெயில் ஏறியது. சென்னைக் கார் வந்தது. இறங்கிய அம்மாள், "உங்க ஆளுங்க எங்க சார்?" என்றார்.

"வந்துக்கிட்டே இருக்காஹ," என்று வாவு முகம்மது கடலைப் பார்த்தார், அதற்குள்ளிருந்து எழுந்து வருவார்கள் என்பதுபோல. "அதுக்குள்ள வீட்டுல ஒரு டீ குடிச்சுட்டு வந்துருவமே."

வீட்டுக்குள் நுழைந்ததும் பின்பக்கமிருந்து சந்தை இரைச்சல். ஜஸீலா கொல்லைக் கதவை அகலத் திறந்துவிட்டாள்.

தெருப் பெண்கள் முழுக்க அங்கே இருந்தார்கள். ஒரு வீட்டில் சஹன் என்றால், விடிந்ததும் அவரவர் அரிவாள்மனையோடு வந்துவிடுவது அந்தத் தெருவின் வழக்கம். ஒரு பக்கம் வெங்காயம் மலையாக ஏறியது. ஒரு பக்கம் இஞ்சி இடிபட்டது. ரிஃபாயின் மனைவி சூஃபியா அரிசி களைந்துகொண்டே எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தாள்.

சென்னை அம்மாள் நின்று பார்த்தார். "இவங்களுக்கெல்லாம் என்ன கூலி?"

கொல்லை முழுக்கச் சிரிப்பு. "கூலியா? நாளைக்கு என் வீட்டுக்கு ஜஸீலா லாத்தா வரமாட்டாஹளா?" என்றாள் சூஃபியா.

"சஹன் இல்லாட்டியும் வெள்ளிக்கிழமை கூடுவோம்மா," என்றாள் ஜஸீலா. "படுத்த படுக்கையா கிடக்குறவுஹளுக்கும், ஆக்கிப்போட ஆளில்லாதவுஹளுக்கும் சோறு அனுப்புவோம். சட்டிதான் பத்தலை."

வெள்ளிக்கிழமைகளில் தன் வீட்டுக் குழம்பு ஏன் அவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று வாவு முகம்மதுவுக்கு அப்போதுதான் விளங்கியது.

"அம்மா, நம்ம கடற்கரை..." என்று தொடங்கினார்.

"கொஞ்சம் இருங்க சார்," என்று அந்த அம்மாள் ஒரு பலகையை இழுத்துப்போட்டு வெங்காயத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மதியத் தொழுகை முடிந்ததும் ஆண்கள் வந்தார்கள். அத்தர் மணக்க, ஒருவர் பாக்கியில்லாமல். சுல்தான் சஹனுக்குச் சஹன் மறைந்தது.

வாவு முகம்மது மனைவியை அடுப்படியில் மடக்கினார். "பஜ்ருக்குன்னுதானே சொல்லச் சொன்னேன்?"

"பஜ்ருக்குன்னுதான் சொன்னேன், பொம்பளையளுக்கு. ஆம்பளையளுக்கு மத்தியான லுஹர்."

"ஏன்?"

"சோறு வேகணும்ல மச்சான்."

"அந்தம்மா வர்றாஹன்னு தெரிஞ்சுதானே கொல்லைக் கதவைத் திறந்துவிட்டே?"

"நானா? வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தது யாரு?"



உதவி வந்தது, ஜஸீலாவின் அடுப்புக்கு. பெரிய அண்டாக்களும், கேஸ் அடுப்பும், மூடி வைத்த தூக்குவாளிகளும் வந்திறங்கின. படமும் வெளியானது. முகம் தெரிய வேண்டாம் என்று பெண்கள் சொல்லிவிட்டதால் வெங்காயமும் கைகளும் மட்டும். ஓரத்தில் ஒரு முழங்கை. அது தன்னுடையது என்று வாவு முகம்மது டீக்கடையில் ஒரு மாதம் நிரூபித்துக்கொண்டிருந்தார்.

சோறு கொண்டுபோக இரண்டு ஆம்பளைகள் தேவைப்பட்டார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"ரிஃபாய் காக்கா வண்டி ஓட்டுவாஹ. நீங்க பின்னால உக்காந்து வாளியைப் புடிச்சுக்கங்க," என்றாள் ஜஸீலா.

"நான் ஓட்டக் கூடாதா?"

"நீங்க பிரேக் போட்டா வண்டி நிக்கும் மச்சான், குழம்பு நிக்காது."

உதவித்தொகை அந்த ஒரு வருஷத்தோடு முடிந்துபோனது. சமையல் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ரிஃபாய் வண்டியை ஓட்ட, வாவு முகம்மது பின்னால் வாளியைப் பிடித்துக்கொண்டு போகிறார்.