ஜீப்புக்கு எண்ணெய் தேய்த்த கதை

“ஏம்மா, பாறையைப் பத்திப் படிச்சாப் போதாதா? ஜீப்புக்கு ஜன்னல் வேற நீதான் மாட்டணுமா? உன்னால ஆகுமா?”

மியூனிக்கில் என்னோடு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மதுரைக்காரர் கோபாலன் இப்படிக் கேட்டார். கேட்காமல் இருந்திருந்தால் அந்த வேலையைத் தட்டிக் கழித்திருப்பேன். (எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவள் நான். என் போன்றவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: யாரிடமும் எதையும் கேட்க மாட்டோம்.)

எழுபதுகளின் நடுவில் எங்கள் துறையில் இருந்தது, ராணுவம் கழித்துவிட்ட ஒரு ஜீப். பக்கவாட்டு ஜன்னல்கள் தேய்ந்து, கண்ணாடி ஒரு திசையிலும் சட்டம் ஒரு திசையிலும் நிற்கும். மழை பெய்தால் முதலில் நனைவது ஓட்டுபவரின் மடிதான். பேராசிரியர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: “வெள்ளிக்கிழமை வாகனச் சோதனையில் இது தேறினால் கோபாலனோடு நாம் மூவரும் மலைக்குப் போவோம். இல்லையென்றால் என் சின்னக் காரில் இருவருக்குத்தான் இடம்.” அந்த இருவரில் நான் இல்லை. அடுத்த வாரம் பனி விழுந்துவிட்டால் என் பாறைகள் வசந்தம்வரை அதற்கடியில் தூங்கும். என் உதவித்தொகை அதுவரை விழித்திருக்காது.

சட்டங்களைக் கழற்றினேன். ஜன்னல் ஓடும் பள்ளத்தில் மட்கிப்போயிருந்த கம்பளிப் பட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது ஒட்டினேன். பிளாஸ்டிக் தகட்டை அளந்து அறுத்து உள்ளே நுழைத்தேன். நுழைந்தது, ஆனால் நகர்த்தினால் கீச்சென்று அலறியது. பட்டறைக்காரர் எட்டிப் பார்த்து, “என்ன மசகு போடுவது என்று சொல்லட்டுமா?” என்றார்.

“வேண்டாம், தெரியும்.”

தெரியாமல் என்ன? தையல் மெஷின், கதவுக் கீல், கையில் மாட்டிக்கொண்ட வளையல், எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் ஒரே மருந்து. அம்மா கொடுத்தனுப்பிய தேங்காயெண்ணெயில் பாதியைக் கம்பளிப் பட்டைக்குக் குடிக்கக் கொடுத்தேன். வெப்பமூட்டிய பட்டறைக்குள் ஜன்னல்கள் வழுக்கிக்கொண்டு ஓடின. கர்வத்தோடு அவற்றை மூடி, ஜீப்பை முற்றத்தில் நிறுத்திவிட்டுப் போனேன். காலையில் புல்லெல்லாம் உறைபனி.

சோதனை நிலையத்துக்கு நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் பேராசிரியர் சுருட்டைப் பற்றவைத்தார். பின்னாலிருந்து கோபாலன் இருமினார்.

“கொஞ்சம் ஜன்னலத் திறயேன்மா, மூச்சு முட்டுது.”

இடது கையால் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினேன்.

“வேண்டாம்ணே, குளிர் காத்து வரும்.”

பிரேக் தேறியது, விளக்குகள் தேறின. பிறகு சோதனை அதிகாரி என் கதவருகே வந்தார்.

“ஜன்னலைத் திறங்கள்.”

நான் இழுத்தேன். அவர் இழுத்தார். சுருட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு பேராசிரியரும் இழுத்தார். அதிகாரி சட்டத்திலிருந்து வெள்ளையாக எதையோ நகத்தால் சுரண்டி முகர்ந்தார். “இது என்ன?”

பின்சீட்டிலிருந்து கோபாலனின் குரல் மெல்ல எழுந்தது: “அடிப்பாவி! தேங்கெண்ணெயா போட்ட? நம்மூர் மார்கழிக்கே பாட்டில்ல கல்லாயிடுமே! இது ஜெர்மனிம்மா!”

அந்தப் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்கியே வளர்ந்தவள் நான். இங்கே வெயிலுக்கு எங்கே போவது? கண்ணில் பட்டது அதிகாரியின் மேசையில் ஆவி பறந்துகொண்டிருந்த காபிக் குவளை. குதித்து இறங்கி அதை எடுத்தேன். அவர் “அது என்னுடையது!” என்று முடிப்பதற்குள் சட்டத்தில் கவிழ்த்துவிட்டு, இரண்டு கையாலும் இழுத்தேன்.

ஜன்னல் வந்தது. சட்டத்தோடு வந்தது. (சட்டத்தின் மரைகளைக் கையால் மட்டும் திருகியிருந்தேன், ஸ்பேனர் போட்டு இறுக்குவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று.) நான் தரையில் மல்லாந்திருந்தேன். மார்மேல் ஜன்னல். அதன் வழியாகக் குனிந்து பார்த்த அதிகாரி மிகுந்த மரியாதையோடு சொன்னார்: “இப்போது திறந்திருக்கிறது. ஆனால் தேறவில்லை.”

இன்றும் துறையில் ஜீப் கிளம்பினால் யாராவது கேட்பார்கள்: “தலைக்கு எண்ணெய் வைத்தாயிற்றா?” கோபாலன் இதை ஜெர்மன் மொழியில் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டார்.

திங்களன்று அவர்கள் சின்னக் காரில் போனார்கள். ஜீப்பின் சாவியை என் கையில் கொடுத்து, “நிதானமாகச் சரிசெய்யுங்கள்” என்றார் பேராசிரியர். நான் பட்டறைக்காரரிடம் போய் நின்று, “என்ன மசகு?” என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை ஜீப் தேறியது.

புதன்கிழமை மதியம் அவர்கள் தங்கியிருந்த விடுதிக்குத் தொலைபேசியில் பேசினேன்.

“தேறிவிட்டதா? நல்லது” என்றார் பேராசிரியர். “ஆனால் நாளை மறுநாள் பனி விழும் என்கிறார்கள். பாவம், நீங்கள் மியூனிக்கில்...”

“மியூனிக்கில் இல்லை ஐயா. மலையடிவாரத்துப் பெட்ரோல் பங்க்கிலிருந்து பேசுகிறேன். டாங்கை நிரப்பிவிட்டேன்.”