யார் என்று கேட்காத ஆபீஸ்

திருத்தணி,
விஜயதசமி.

அன்பு மகள் ஷாலினிக்கு உன் நைனா துரைக்கண்ணு ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தணிகைமலையான் தயவில் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை, அதற்கும் உனக்கும் சம்பந்தமில்லை.

வேலையை விடப் போவதாக அம்மாவிடம் போனில் அழுதாயாமே. உன் இன்டர்நெட் கம்பெனி கம்ப்யூட்டரில் நீ ஒரு வரியைத் தப்பாகப் போட்டு, இந்தப் பக்கம் முழுக்க அரை நாள் இன்டர்நெட் படுத்துக்கொண்டதற்கு ராஜினாமாவா? அன்றைக்கு இங்கே நடந்ததை மறைக்க மாட்டேன். எதிர்வீட்டு மெக்கானிக் கரீமுல்லா பாய், மகள் பர்ஹீனின் நிச்சயதார்த்தத்தை சவுதியில் இருக்கும் மச்சானுக்குப் போனில் காட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று நெட் போய், மச்சான் போன் திரையில் திறந்த வாயோடு அப்படியே நின்றுவிட்டார். வாழ்த்துகிறாரா கொட்டாவி விடுகிறாரா என்று சபையில் பெரிய விவாதம். நானும் சும்மா இருக்காமல், "எவன் கைய வெச்சானோ, அவனப் பெத்தவன ஒதைக்கணும் பாய்" என்றேன். "ஆங், கரெக்டா சொன்னீங்க" என்றார் பாய். சாயங்காலம் நீ கூப்பிட்டு, "நைனா, அது நான்தான்" என்ற பிறகுதான் பெத்தவன் யாரென்று தெரிந்தது. பாயிடம் இன்னும் சொல்லவில்லை.

உன் ஆபீஸில் கூட்டம் போட்டு, யார் செய்தது என்று கேட்காமல், எப்படி நடந்தது என்று மட்டும் கேட்டார்களாம். ஒரு வரி தப்பினால் ஊரே படுக்கிற மாதிரி ஏன் வைத்திருந்தோம், இன்னொருத்தர் பார்த்திருக்க வேண்டாமா, முதலில் ஒரு தெருவில் போட்டுப் பார்த்திருக்கலாமே என்றார்களாம். அரக்கோணம் ரயில்வேயில் நாங்கள் முதலில் ஆளைப் பிடிப்போம், அப்புறம்தான் தப்பைத் தேடுவோம். இதெல்லாம் ஒரு ஆபீஸா என்று சிரித்தேன். உன் அம்மா, "சிரிச்சுகினு இருக்காதய்யா, திட்டாத எடத்துலயே வேலைய வுடறேன்றா, நீ வேற திட்டினா என்னா ஆவா" என்றாள். அதனால் திட்டவில்லை. ஒழுங்கா வேலைக்குப் போ. பள்ளம் எங்க இருக்குதுன்னு விழுந்து தெரிஞ்சுக்கின ஆள அனுப்பிட்டு, தெரியாத ஆளையா வெச்சுக்குவாங்க? எனக்குப் பெருமைதான் கண்ணு. பண்ணதுக்கு இல்ல, பண்ணது நான்தான்னு நீயே வாய தொறந்து சொன்ன பாரு, அதுக்கு.

வேளைக்குச் சாப்பிடு. தணிகைவேலன் உன் விரல்களுக்குத் துணையிருக்கட்டும்.

உன் நைனா,
துரைக்கண்ணு

பி.கு.: இது வாட்ஸ்அப்பில் வராமல் தபாலில் வருவதற்குக் காரணம் உண்டு. கேபிள்காரர் நம் தெருவுக்கான இன்டர்நெட் பெட்டியை நம் வராந்தாவில்தானே மாட்டியிருக்கிறார். நேற்று ஆயுத பூஜை. அதுவும் ஆயுதம்தானே என்று ஒயரையெல்லாம் கழற்றி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி கடலை படைத்தோம். காலையில் திரும்ப மாட்டும்போது ஒரு ஒயர் மிஞ்சித் தொங்கியது. பாவமாக இருந்ததால் அதன் இரண்டு முனையையும் அதே பெட்டியில் செருகினேன். அப்போதிலிருந்து பெட்டியின் எல்லா விளக்கும் வெறி பிடித்தாற்போல் கண் சிமிட்டுகிறது, தெருவுக்கே நெட் இல்லை. பாய் வாசலில் நின்று, "எவன் பண்ணான்?" என்கிறார். "யாருன்னு கேக்கக் கூடாது பாய், எப்படின்னுதான் கேக்கணும்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். போனில் உன்னிடம் சொல்லலாமென்றால் அவர் நகர்வதாக இல்லை. வேலைக்குப் போ என்று மேலே எழுதியதை ஒரு நாள் தள்ளிவைத்து, லீவு போட்டு வா. நீ பக்கத்துல நின்னா, நான்தான்னு பாய்கிட்ட சொல்லிடுவேன்.