நாடியை யார் நடிப்பது?

மூன்றாவது கையுறையும் கிழிந்தது.

ஆர்லிஸ் ஹாக்கன் பள்ளிக்கூடச் சமையல்காரி. இருபத்தாறு வருடமாக இருநூறு பிள்ளைகளுக்கு மாவு பிசைந்த கை அவளுடையது. அந்தக் கைக்கேற்ற ரப்பர் கையுறை வடக்கு டகோட்டா முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. கிழிசல் வழியாக எட்டிப் பார்த்த கட்டைவிரலை மறைக்க மேலே இன்னொரு ஜோடி மாட்டினாள். கிழிசல் மறைந்தது. விரல்கள்தான் மடங்க மறுத்தன.

அது மார்ச் மாதத்துச் சனிக்கிழமை. வெளியே இருந்த குளிரில், வாயைவிட்டு வந்த வார்த்தை உறைந்து காலடியில் விழுந்து உடைந்தது. ஆர்லிஸின் கார் கிளம்ப மறுத்ததால், ஊர் ஆம்புலன்ஸிலேயே அவளை ஏற்றிக்கொண்டு, தேர்வு நடக்கும் நகரத்துப் பள்ளிக்கு வந்திருந்தார்கள் அந்த வண்டியில் வேலை செய்யும் டெல்மரும் வோண்டாவும். நிறுத்தினால் எஞ்சின் உறைந்துவிடும் என்று, பள்ளி வாசலில் வண்டியை உறுமவிட்டபடி இருவரும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் ஊரில் ஆம்புலன்ஸில் வேலை செய்யத் தகுதியுள்ளவர்கள் மொத்தம் மூன்று பேர்; அதற்குக் குறைந்தால் உரிமம் போய்விடும். ஒருவர் மாதக் கடைசியில் அரிசோனா வெயிலுக்குக் குடிபோகிறார். ஆர்லிஸ் இன்றைய முதலுதவித் தேர்வில் தேறினால் வண்டி ஓடும். தேறாவிட்டால் கொட்டகைக்குப் பூட்டு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறவர் ஐம்பது மைலுக்கு அப்பாலிருந்து வரும் வண்டிக்காக விழுந்தபடியே காத்திருக்க வேண்டும்.

இது அவளுக்கு மூன்றாவது முயற்சி. இதிலும் தவறினால் படிப்பை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தேர்வு என்பது ஒரு அறை, அதில் நோயாளியாக நடிக்கும் ஒருவர், மார்க் போடும் ஒருவர். பத்து நிமிடம். மொத்தம் நாற்பத்திரண்டு மார்க். எதைச் செய்தாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதல் தடவை ஆர்லிஸ் கையுறையை ஒழுங்காக மாட்டினாள், மாட்டினேன் என்று சொல்லவில்லை, போயிற்று. இரண்டாவது தடவை நோயாளியின் வீட்டுக் கதையைக் கேட்கப் போய், அவர் அம்மாவின் இடுப்பு ஆபரேஷனுக்கு வருவதற்குள் பத்து நிமிடம் முடிந்துவிட்டது.

வரிசையைக் கவனிக்க வேண்டிய பெண் காபி எடுக்கப் போயிருந்தாள். ஆர்லிஸ் நான்காம் அறையின் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. பதில் சொல்லாமலிருப்பதும் தேர்வின் ஒரு பகுதிதான் போலிருக்கிறது என்று எண்ணித் திறந்தாள்.

உள்ளே, நாற்காலியில் சிவப்புக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண்மணி. மடியில் அட்டையும் காகிதமும். கண்ணில் ஈவு இரக்கம் எதுவும் இல்லை. தரையில், சுவரோரமாகச் சரிந்து கிடந்தார் அறுபது வயது தாண்டிய ஒரு பெரியவர்.

ஆர்லிஸ் மூச்சை இழுத்துவிட்டு ஆரம்பித்தாள். "கையுறை போட்டிருக்கேன். இடம் ஆபத்தில்லாம இருக்கு. நோயாளி ஒருத்தர்."

நாற்காலிப் பெண்மணியின் வாய் இடது பக்கமாகக் கொஞ்சம் கோணியது.

ஆரம்பமே சரியில்லை என்று ஆர்லிஸுக்குப் புரிந்தது. பெரியவர் பக்கத்தில் மண்டியிட்டாள். அங்கேதான் அவள் அசந்துபோனாள்.

இப்படி ஒரு நடிப்பை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. மனிதருடைய முகம் பழைய பாத்திரம் கழுவின தண்ணீரின் நிறத்தில் இருந்தது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. ஒவ்வொரு முத்தையும் யாரோ பிரஷ்ஷால் ஒட்டவைத்த மாதிரி. தண்ணீர் தெளித்திருப்பார்கள், பவுடர் பூசியிருப்பார்கள், சரி. உதட்டோரத்தில் அந்த நீலத்தை எப்படிக் கொண்டுவந்தார்கள்? நியூயார்க் மேடைகளில் இருக்க வேண்டியவர் இந்தப் பனிக்காட்டில் தரையில் கிடக்கிறாரே என்று அவளுக்கு நெஞ்சு உருகியது.

"ஐயா, என் பேரு ஆர்லிஸ். ஆம்புலன்ஸ்ல வேலை. உங்களுக்கு என்ன பண்ணுது?"

பெரியவர் கண்ணைத் திறந்தார். "நான் நோயாளி இல்லம்மா."

ஆர்லிஸ் பூரித்துப்போனாள். இது பாடத்தில் உண்டு. நெஞ்சுவலிக்காரர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள், விட்டுவிடக் கூடாது என்று புத்தகத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தது. அவருக்கு ஒன்றுமில்லைதான், ஆனாலும் ஒரு தடவை பார்த்துவிட்டால் தன் மனசு ஆறும் என்று தேனாகப் பேசி, நெஞ்சில் என்ன செய்கிறது என்று கேட்டாள். மாடு உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார். எங்கே போகிறது? தாடைக்கு. எப்போதிலிருந்து? இந்த அறைக்கு வந்ததிலிருந்து. பத்துக்கு எத்தனை வலி? எட்டு.

ஒவ்வொரு பதிலையும் அவள் நாற்காலியைப் பார்த்து உரக்கத் திருப்பிச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் பெண்மணியின் வாய் இன்னும் ஒரு அங்குலம் கோணியது. இப்போது அது காதைத் தொட்டுவிடும் தூரத்தில் இருந்தது. மனுஷிக்கு இத்தனை இளக்காரமா என்று ஆர்லிஸுக்குக் காது சூடாகியது. இன்னும் சத்தமாகச் சொன்னால் சரியாகும் என்று கத்தினாள். பெண்மணியின் இடது கை தொப்பென்று கீழே விழுந்தது. அட்டையும் காகிதமும் சரிந்து தரைக்கு வந்தன.

மார்க் அட்டையையே எறிந்துவிட்டாள். இனி ஒரே வழி, ஒன்றுவிடாமல் செய்வது.

உதவிக்கு ஆள் கேட்க வேண்டும். தேர்வில் கையில் ரேடியோ தரமாட்டார்கள். முஷ்டியை மடக்கி அதில் பேசுவதுதான் வழக்கம். ஆர்லிஸ் முஷ்டிக்குள் பேசினாள். இன்னொரு வண்டி வரட்டும், மேல்நிலை மருத்துவ ஆள் வரட்டும் என்று விலாவாரியாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு ஆஸ்பிரின் கொடுக்கிறேன் என்று, இல்லாத மாத்திரையை இல்லாத டப்பாவிலிருந்து எடுத்து நீட்டினாள்.

பெரியவர் அந்த வெறுங்கையைப் பார்த்தார். "மருந்து எதுவும் ஒத்துக்காதான்னு கேட்கவே இல்லையேம்மா," என்றார் பலவீனமாக.

"நீங்க எடுத்துக் கொடுக்கக் கூடாது ஐயா," என்று கிசுகிசுத்தாள் ஆர்லிஸ். "அந்தம்மா பார்க்கறாங்க. எனக்கு மார்க் போயிடும்."

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். முடியவில்லை.

நாடி பார்க்கும் கட்டம் வந்தது. மணிக்கட்டில் விரல் வைத்தால் போதும், மார்க் போடுகிறவர் எண்ணிக்கையைச் சொல்லிவிடுவார். ஆர்லிஸ் விரல் வைத்து நாற்காலியைப் பார்த்தாள். "நாடி எத்தனைங்க?"

பெண்மணி பேசவில்லை. வாயோரத்தில் எச்சில் வழிந்தது.

இரண்டாவது முறை கேட்டாள். மூன்றாவது முறையும் கேட்டாள். இனி எண்ணித்தான் ஆக வேண்டும். இரண்டு ஜோடிக் கையுறைக்குள்ளிருந்து எதுவும் தெரியவில்லை. மேல் ஜோடியை உருவி எறிந்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மறுபடி விரலை வைத்தாள்.

ஒன்று. நீண்ட இடைவெளி. இரண்டு. அதைவிட நீண்ட இடைவெளி; அதற்குள் ஒரு ரயில் வண்டி போய்விடலாம். மூன்று.

ஒரு நிமிடத்துக்கு முப்பத்திநாலு.

ஆர்லிஸ் உட்கார்ந்த இடத்திலேயே கல்லானாள். வேர்வையைத் தெளிக்கலாம். நீலத்தைப் பூசலாம். வலிக்கிறது என்று யாரும் சொல்லலாம். நாடியை யார் நடிப்பது? தோலுக்கு அடியில், ஒரு நூல் கனத்தில், இந்த மனிதருடைய உயிர் முழுக்க அவளுடைய இரண்டு விரல்நுனிகளில் வந்து தட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. கதவைத் தட்டிவிட்டு, திறக்கிறார்களா என்று நின்று பார்த்து, மறுபடி தட்டுகிற மாதிரி. எட்டு மாதம் ரப்பர் பொம்மையின் மணிக்கட்டைப் பிடித்தவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை பெரிய சங்கதியைக் கேட்பதற்கு ஒரு கருவியும் வேண்டாம், சும்மா தொட்டால் போதும் என்பதை அவளால் நம்பவே முடியவில்லை.

"இது நடிப்பில்ல," என்றாள் நாற்காலியைப் பார்த்து. "நிஜமாவே இவருக்கு நெஞ்சுல கோளாறு. நான் தேர்வை விட்டுட்டுப் போறேன்."

பெண்மணியின் கண் விரிந்தது. அதில் தெரிந்தது கோபமா பாராட்டா என்று பார்க்க ஆர்லிஸ் நிற்கவில்லை.

பாதித் தேர்வில் அறையைவிட்டு வெளியேறினால் தோல்வி; கேள்வியே கிடையாது. அது தெரிந்துதான் ஓடினாள். அவள் ஓடின ஓட்டத்தில் நடைவழியிலிருந்த பிள்ளைகளின் ஓவியங்களெல்லாம் சுவரைவிட்டுப் பறந்து அவள் பின்னால் வந்தன. டெல்மரும் வோண்டாவும் படுக்கையைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆக்ஸிஜன், நெஞ்சில் ஒயர்கள், நிஜமான ஆஸ்பிரின். இயந்திரத் திரையைப் பார்த்த டெல்மர் விசிலடிக்காத குறை. இன்னும் கால் மணி நேரம் தாமதித்திருந்தால் பாதிரியாரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும் என்றான்.

வண்டியில் ஏற்றும்போது பெரியவர் முகமூடியை நகர்த்தி, ஆர்லிஸின் கையைப் பிடித்தார்.

"நாற்பத்தொண்ணு," என்றார்.

ஆர்லிஸ் கவலையோடு டெல்மரிடம் சொன்னாள்: நாடி முப்பத்திநாலு, வயது அறுபதுக்கு மேல், மனிதர் சம்பந்தமில்லாமல் ஏதோ எண் சொல்கிறார், நினைவு தடுமாறுகிறது, மருத்துவமனையில் மறக்காமல் சொல். டெல்மர் கையில் எழுதிக்கொண்டான். மருத்துவமனை இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. பின்னால் நோயாளியோடு இருவர் தேவையில்லை, நீ உள்ளே போய்க் கெஞ்சிப் பார் என்று அவளை அனுப்பிவிட்டு வண்டி பறந்தது.

நான்காம் அறைக்கு அவள் திரும்பியபோது பெண்மணி அதே நாற்காலியில், அதே கோணல் வாயோடு, தொங்கும் கையோடு இருந்தாள். ஆர்லிஸ் தரையில் கிடந்த அட்டையை எடுத்து, பயபக்தியோடு அவள் மடியில் வைத்தாள். ஊருக்கு ஒரே ஒரு வண்டி இருப்பதைச் சொன்னாள். அரிசோனாவுக்குப் போகிறவரைச் சொன்னாள். ஒரே ஒரு தடவை மன்னித்து, வேறு ஆளை நோயாளியாக வைத்து மறுபடி தேர்வு வைக்க முடியுமா என்று கேட்கும்போதே, இருபத்தாறு வருடம் அடுப்பு வெக்கைக்குக் கலங்காத கண் கலங்கிவிட்டது.

பெண்மணி கதவைப் பார்த்தாள். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் வாயை மெல்ல நேராக்கி, தாடையைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"அழாதேம்மா. பக்கவாத நோயாளி நான்தான். முடிஞ்சதுன்னு அவர் சொல்ற வரைக்கும் பேசக் கூடாதுன்னு உத்தரவு. அந்த அட்டையைக் கொஞ்சம் பிடின்னு என்கிட்ட கொடுத்துட்டுக் கீழே உட்கார்ந்தாரே, மார்க் போடறவர், அவரைத்தான் நீ இப்ப வண்டியில ஏத்தி அனுப்பிட்டே."