கிழிக்கச் சொன்ன சாவி

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. உன் அண்ணிக்கு முழங்கால் வலி நேற்றைக்கு இன்று தேவலை. எனக்கு வாய்தான் ஓயவில்லை. மற்றபடி நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

போன தடவை வந்தபோது, என் மருமகள் வீட்டில் உட்கார்ந்து பொட்டி தட்டுகிறாள் என்று சொல்லிவிட்டுப் போனாய். இன்று நீ இங்கே இருந்திருக்க வேண்டும். ஒரு ரத்த வங்கிக்கு இவள் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய ப்ரோகிராம் பன்னிரண்டு மணிக்குப் புது சர்வரில் ஓட வேண்டும்; ஓடினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் இன்னும் ஆறு மாதம் தகுதிகாண் காலம். பைத்தான்காரர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதமாட்டார்களாம். பிறர் எழுதிவைத்த பேக்கேஜ்களை இறக்கிக்கொள்வார்களாம். கல்யாணத்துக்கு ஒருவரைக் கூப்பிட்டால் குடும்பமே வருவதுபோல, ஒரு பேக்கேஜைக் கூப்பிட்டால் அது தனக்கு வேண்டிய நாலைந்தைக் கூட்டிக்கொண்டு வரும். எல்லாம் வந்தன, ஒன்றைத் தவிர. அது ரெப்போ என்கிற, கம்பெனியின் பூட்டிய கிடங்கில். அதற்குச் சாவி ஒரு டோக்கன், நாற்பது எழுத்து. அது மேலாளரிடம். மேலாளர் பல் டாக்டரின் நாற்காலியில். அங்கே நெட் எடுக்கவில்லை. நானாயிருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பேன். இவள் போனைப் போட்டாள். வாயில் பஞ்சோடு அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, இவள் திருப்பிச் சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்து, "மாமா, கொஞ்சம் எழுதிக்கிறீங்களா?" என்றாள். எழுதினேன். இவள் கணினியில் எல்லாம் இறங்கியது. சர்வரில் போட்டால் அசையவில்லை. சாவியைத் தட்டிக்கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் அது சாவி கேட்டுக் காத்துக்கொண்டிருந்ததை இவள்தான் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்தாள். கூட வேலை செய்கிறவன் போனில், பேக்கேஜ் பட்டியலிலேயே சாவியை எழுதிவிடு, சுலபம் என்றான். மணி பதினொன்றே முக்கால். இவள் மசியவில்லை.

"அந்தப் பட்டியல எல்லாரும் பாப்பாங்க. சாவிய அதுலயே எழுதி வச்சா பூட்டு எதுக்கு?"

சர்வரின் ரகசிய இடத்தில் சாவியைத் தனியாக வைத்தாள். ஐந்து நிமிடம் இருக்கும்போது ஓடியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, தம்பி. அப்புறம் அந்தத் தாளைக் கிழித்துவிடச் சொன்னாள். முப்பத்தாறு வருடம் ஆவண அறையில் வேலை பார்த்து ஒரு காகிதத்தைக் கிழிக்காதவன், அவள் கண்ணெதிரே சுக்குநூறாகக் கிழித்தேன். மாலையில் நிரந்தர உத்தரவும் வந்துவிட்டது.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். இனியும் பொட்டி தட்டுகிறாள் என்றால் இந்த வீட்டில் உனக்குக் காபி கிடையாது.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: நான் கிழித்தது நகலை. மூலத்தைக் கிழிக்கக் கை வரவில்லை. அது என் கோப்பில் இருக்கிறது. ஒரு நகல் மூக்குக்கண்ணாடிக் கூட்டில், இன்னொன்று பத்திரத்துக்காக இந்தக் கடிதத்தின் பின்பக்கம். இதை மடிக்கும்போது மருமகள் வந்து நின்றாள். நான்தான் கிழித்துவிட்டேனே என்றேன்.

"எல்லா நகலையுமா மாமா?" என்றாள்.

மேலாளரிடம் சொல்லி மதியமே சாவியை மாற்றிவிட்டாளாம். ஆகவே பின்பக்கம் இருப்பது இனி எதையும் திறக்காது. ஆனாலும் கிழித்துவிடாதே. இந்த வீட்டுக்கு வந்த மூன்று வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி அது.