தலைகீழாகப் பறந்த விமானம்

நேற்றுச் சாயங்காலம் ஒழுங்காகப் பறந்துகொண்டிருந்த விமானம், இன்று காலை லிங்கப்பன் சுவிட்சைப் போட்டதும் தலைகீழாகப் பறந்தது. கடல் மேலே இருந்தது, வானம் கீழே இருந்தது. எடுத்த பாயிண்டுகளெல்லாம் காலைத் தூக்கிக்கொண்டு நின்றன.

"ஜோதி, கொஞ்சம் இங்க வா."

அவர் மனைவி ஜோதிமணி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, பிளேனு இப்படியா போகும்?"

"போகாது."

"அப்ப மறுபடியும் ரிப்பேருங்களா?"

லிங்கப்பன் சோபாவில் உட்கார்ந்தார். அறுபது வயதில் ஒரு மனிதனுக்குக் காலை ஏழு மணிக்கே வரக்கூடாத களைப்பு அது.

மைசூருக்குப் பக்கத்தில் கூர்கள்ளியில் ஒரு பம்பு கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் மெயின்டனன்ஸ் பிட்டராக இருந்தவர். மூன்று ஷிப்டு. அவர் வீட்டுக்கு வரும்போது ஜோதிமணி தூங்கிக்கொண்டிருப்பாள், அவள் எழுந்திருக்கும்போது இவர் குறட்டை விடுவார். ரிட்டையர் ஆகி நாலு மாதம் சும்மா இருந்து பார்த்தார். ஐந்தாவது மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் ரோட்டில் இழுத்து மூடிய ஒரு ரிசார்ட்டில் பழைய சாமான் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். எல்லோரும் நாற்காலி, மின்விசிறி என்று தூக்கிக்கொண்டு போக, இவர் ஆளுயரத்துக்கு இருந்த வீடியோ கேம் பெட்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார். முன்னால் பெரிய டிவி, அதற்குக் கீழே ஒரு கைப்பிடி, ஆறு பட்டன், காசு போட ஒரு ஓட்டை. ஓடவில்லை. ஓடாத மெஷினை ஓட வைப்பதுதானே தன் தொழில் என்று நினைத்தார்.

உள்ளே எலி கூடு கட்டியிருந்தது. டவுன்ஹால் பக்கம் பழைய டிவி ரிப்பேர் பார்க்கும் தீபக்கைக் கூப்பிட்டார். முதல் தடவை வந்தபோது அவன் கருகிப்போன பவர் சப்ளையை மாற்றினான். இரண்டாவது தடவை, நேற்று, பிக்சர் டியூபுக்குப் பின்னால் ஏதோ ஒன்றை மாற்றிவிட்டு, "ஆய்து சார், ஆடுங்க!" என்றான். லிங்கப்பன் ஆடினார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஜோதிமணி மூன்று தடவை கூப்பிட்டதற்கு மூன்று தடவை "ம்" என்றார்.

இன்றைக்கு இப்படி.

பெட்டியின் முதுகுக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். "டார்ச்சைப் புடி."

"எங்கீங்க?"

"அந்த மஞ்ச ஒயர் கிட்ட. இல்ல, அது பச்சை. ஏன் ஜோதி, மஞ்சளுக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதா?"

"எனக்கென்னங்க தெரியும் இதெல்லாம்? நான் சீலைக்கு ஃபால்ஸ் தைக்கறவ."

இரண்டு மணி நேரம் ஆனது. டார்ச் பிடித்தவள் சும்மா இருப்பாளா? கொள்ளேகாலிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் பஸ் கண்டக்டர்களிடம் திட்டு வாங்கியே கன்னடம் கற்றுக்கொண்ட கதையைச் சொன்னாள். லிங்கப்பன் பெட்டிக்குள்ளிருந்தே சிரித்தார். இதெல்லாம் அவருக்குத் தெரியாது. படத்தைத் திருப்பும் ஒயர் மாறிச் சொருகியிருப்பதைக் கண்டுபிடித்து நேராக்கினார்.

மறுநாள் விமானம் நிமிர்ந்துதான் இருந்தது. ஆனால் எழுத்தெல்லாம் வலமிருந்து இடமாக ஓடியது. கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருந்தது படம்.

"அப்படின்னா கண்ணாடியிலயே பாத்துட்டா நேராயிருமில்லீங்க?" என்றாள் ஜோதிமணி.

யோசனை லிங்கப்பனுக்குப் பிடித்துப்போனது. அவள் டிரஸ்ஸிங் டேபிள் கண்ணாடியைக் கழற்றி எடுத்துவந்து எதிரே பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் மெஷினுக்கு முதுகைக் காட்டி, போலீஸில் மாட்டியவர்போல் கையிரண்டையும் பின்னால் விட்டு, கண்ணாடியைப் பார்த்து ஆடினார்.

"கொஞ்சம் தூக்கிப் புடி. என் தலைதான் தெரியுது."

"உங்க தலை அவ்வளவு பெருசுங்க, நான் என்ன பண்ணட்டும்?"

அதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரித்ததில் கண்ணாடி நழுவியது. கல்யாணச் சீராக வந்த கண்ணாடி மூன்று துண்டாகக் கிடந்தது.

மறுபடியும் முதுகுக் கதவு, மறுபடியும் டார்ச். அன்றைக்கு அவரைக்காய் சமாச்சாரம் வெளியே வந்தது. அவருக்குப் பிடிக்கும் என்று அவள் முப்பது வருஷமாகச் சமைத்தாள். அவளுக்குப் பிடிக்கும் என்று அவர் முப்பது வருஷமாக விழுங்கினார். மைசூரில் அவரைக்காய்க்குப் பஞ்சமும் கிடையாது.

"சொல்லித் தொலைக்கறதுக்கென்னங்க?"

"எப்பச் சொல்றது? நீ தூங்கிட்டிருப்பே."

இப்படியே இரண்டு மாதம் போயிற்று. ஒன்றைச் சரிபண்ணினால் இரண்டாம் நாள் இன்னொன்று கெட்டது. ஒரு நாள் பட்டன் வேலை செய்யவில்லை. ஒரு நாள் படம் பச்சையாக வந்தது. நடுநடுவே தீபக் வந்தான், பெட்டிக்குள் பார்த்தான், தலையைச் சொறிந்தான், ஜோதிமணி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, "பழைய மெஷின் சார், அப்படித்தான்" என்று போனான். லிங்கப்பனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஜோதிமணியின் கழுத்தில் எப்போதும் தைலம் வாசம் அடித்தது. சாம்பார் வாரம் இரண்டு முறை தீய்ந்தது.

ஒரு சாயங்காலம் சத்தம் நின்றுவிட்டது. லிங்கப்பன் சவுண்டுத் திருகை முழுக்கத் திருகிப் பார்த்தார். மூச்சே இல்லை. அலுத்துப்போய் அப்படியே விட்டுவிட்டுப் படுத்தார்.

காலை ஆறரைக்கு எழுந்து, பார்க்கலாமே என்று சுவிட்சைப் போட்டார். வீடே அதிர்ந்தது. விமானம் குண்டுமேல் குண்டாகப் போட்டது.

கீழ் வீட்டு ரூபா பதறிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "அய்யோ! பாம்பு! மேல்கடே பாம்பு!"

அவள் கன்னடத்துக்காரி. மேல்மாடியில் 'பாம்' வெடிக்கிறது என்பதைத்தான் அப்படிச் சொன்னாள். ஆனால் அடுத்த மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி கரியப்பன் ஹனூர்ப் பக்கத்துத் தமிழர். பாம்பு என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான். கடப்பாரையும் மூன்று ஆட்களுமாகப் படியேறி வந்துவிட்டார்.

"எங்கீங்க பாம்பு?"

"பாம்பெல்லாம் இல்லீங்க, நீங்க போங்க," என்று லிங்கப்பன் கத்தினார். குண்டுச் சத்தத்தில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

பின்னாலேயே வந்த ரூபா காதைப் பொத்திக்கொண்டு மெஷினைக் காட்டினாள். "அதே! அதே! பாம்பு!"

"பொட்டிக்குள்ள பூந்திருச்சா? நகருங்க!"

கரியப்பன் குனிந்து கடப்பாரையால் அடிப்பலகையை ஒரே குத்தாகக் குத்தினார். பலகை பிளந்தது. உள்ளே பளிச்சென்று ஒரு பொறி பறந்தது. ஆட்கள் நால்வரும் படியில் உருண்டு ஓடினார்கள். கட்டடம் முழுக்கக் கரண்டு போனது. அந்த அமைதியில் ரூபாவின் கிரைண்டர் பாதி மாவோடு நின்றுபோன சத்தம் தெளிவாகக் கேட்டது.

பிறகு அவள் படியில் நின்று அரை மணி நேரம் பேசினாள். லிங்கப்பன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். எல்லாம் நியாயமான பேச்சுதான்.

உள்ளே வந்தபோது ஜோதிமணி மரச்சில்லுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பினாள். அதைப் பார்த்ததும் அவர் மனசு விட்டுப்போயிற்று. தன் வீம்புக்கு இவளை ஏன் இப்படிப் படுத்தவேண்டும்?

"போதும் ஜோதி. கோகுலம் ஏரியாவுல ஒரு காபிக் கடைக்காரர் அழகுக்கு நிறுத்தி வைக்கக் கேட்டாரு. குடுத்துடறேன்."

துடைப்பம் நின்றது. "குடுத்துடறீங்களா?"

"ஆமா. உனக்கும் நிம்மதி."

"உங்க இஷ்டமுங்க," என்றாள். குரல் எங்கேயோ போயிருந்தது. பால் வாங்கிவருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். பாவம், ரொம்பத்தான் களைத்துவிட்டாள் என்று லிங்கப்பன் நினைத்துக்கொண்டார்.

கொடுப்பதை ஓடுகிற நிலையில் கொடுக்கவேண்டும் என்று தீபக்குக்குப் போன் போட்டார். அவன் வந்து, டிரிப் ஆன கரண்டைப் போட்டு, பெட்டிக்குள் கையை விட்டு, இரண்டே நிமிஷத்தில் வெளியே எடுத்தான். விமானம் நேராகப் பறந்தது. சத்தம் அளவாக வந்தது.

"பலகைதான் சார் போச்சு. உள்ள ஒண்ணும் ஆகல."

லிங்கப்பன் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பத்தொரு வருஷம் எத்தனையோ மெஷினை ஓட வெச்சேன் தீபக். இதுகிட்டத் தோத்துட்டேன். நான் தோத்தது போகட்டும், அவளையும் சேத்துக் கஷ்டப்படுத்திட்டேன். நாளைக்கே டெம்போ சொல்லிரு."

தீபக் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டான். திரும்ப வெளியே எடுத்தான். வாசற்படியை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தான்.

"சார், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. இந்த மெஷின் நான் ரெண்டாவது தடவை வந்தப்பவே சரியாயிடுச்சு. அதுக்கப்புறம் ஒயரை மாத்தி மாத்திச் சொருகுனதெல்லாம் நம்ம அக்காதான். 'இது ஓட ஆரம்பிச்சுட்டா அவரு மறுபடியும் எங்கூடப் பேசமாட்டாரு தீபக்'ன்னாங்க."