கொலுவில் நான் கட்டிய தெப்பக்குளம்

அடுத்தவர் வீட்டில் குற்றம் கண்டுபிடிக்க என்னை விட்டால் ஆளில்லை. சம்பளமே அதற்குத்தான். செகந்திராபாத் பக்கம் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு. மாத்திரையில் மயிரிழைக் கீறல் தெரிந்தாலும் தூக்கிப் போட்டுவிடுவேன். (வீட்டு இட்லியிலும் பார்ப்பேன். அங்கே மரியாதை வேறு மாதிரி கிடைக்கும்.)

சில வருடங்களுக்கு முன் மழைக்காலத்தில் என் மகள் நிலா டெங்குவில் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவள் தேறி வந்ததும், லோத்குண்டாவில் நாங்கள் இருக்கும் அபார்ட்மெண்டின் கொசு ஒழிப்புப் பொறுப்பை நானாகவே தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமைதோறும் வாளி, டிரம், பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். யார் வீட்டில் கொசுப்புழு அகப்பட்டாலும், அந்தப் பாத்திரத்தோடு அவரை நிற்கவைத்து போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவேன். சட்டம் என்னுடையது.

முதலில் சிக்கியது மூன்றாம் மாடி மேரி டீச்சர். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர், ரிடையர் ஆனவர். ரோஜாத் தொட்டித் தட்டில் புழு.

"நக்கோ தம்பி, தலைகூடச் சீவல. கைக்கு இந்த போட்டோ எல்லாம்?" (அந்த ஊர்த் தமிழில் உருது கலந்திருக்கும். நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு.)

"விதின்னா விதிதான் டீச்சர்" என்று கிளிக்கினேன். எனக்கு என்ன திமிர் பாருங்கள்!

அடுத்த மாதமே நவராத்திரி. என் மனைவி காஞ்சனா ஏழு படி கொலு வைத்தாள். கீழே பார்க் அமைத்தது நான். பிளாஸ்டிக் டப்பில் நிஜத் தண்ணீர் ஊற்றித் தெப்பக்குளம். சுற்றிலும் மண் கொட்டிக் கடுகு முளைக்கவிட்ட புல்வெளி.

இடையில் வந்த வெள்ளிக்கிழமை, குரூப்பில் வழக்கமான மிரட்டலைத் தட்டிக்கொண்டிருந்தேன். காஞ்சனா கேட்டாள்: "ஏங்க, நம்ம குளத்துத் தண்ணிய மாத்திடலாமா?"

"வச்ச கொலுவ அசைக்கக் கூடாதும்மா. விஜயதசமி வரைக்கும் எதையும் தொடாத."

(பக்தியாவது ஒன்றாவது! அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய கரையைக் கலைக்க மனசு வரவில்லை.) குறைந்த தண்ணீரை மட்டும் தினமும் ஊற்றி நிரப்பினேன்.

எட்டாம் நாள் சாயங்காலம். கூடம் நிறையப் பெண்கள், சுண்டல், பாட்டு. மேரி டீச்சரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். குளத்தருகே குந்தியிருந்த நிலா கத்தினாள்: "நானா, சேப்பலு! சின்ன சின்ன சேப்பலு!" (தமிழ் புரியும், பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும்.) நானா என்றால் அப்பா; குளத்தில் மீன் இருக்கிறதாம். எல்லோரும் ஆசையாக எட்டிப் பார்த்தார்கள்.

நான் மீனே விடவில்லையே!

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "தம்பி, மீன் தலைகீழாவா தொங்கும்? நிழல் பட்டா நெளிஞ்சு கீழ போகும்னு நீங்கதானே கொசு மீட்டிங்ல சொன்னீங்க?" என்று கையைக் குளத்தின்மேல் நீட்டினார். அத்தனையும் நெளிந்து கீழே போயின. அப்படி ஒரு செய்முறை விளக்கத்தை என்னால்கூடச் செய்திருக்க முடியாது.

வெட்கத்துக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. தினமும் அந்தத் தண்ணீரில் கை விட்டு விளையாடியவள் நிலா. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் அத்தனைக்கும் இறக்கை முளைத்திருக்கும். பதறிப்போய் டப்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். கடைசிப் படி ஆடியது. செட்டியார் பொம்மை கடையை விட்டுக் குளத்தில் குதித்தார்.

"கொலுவ அசைக்கக் கூடாதுன்னு சொன்ன வாய் எங்க?" என்று பல்லைக் கடித்தாள் காஞ்சனா.

ஒரு கையில் டப், மறு கையில் சொட்டச் சொட்டச் செட்டியார். வேட்டி முழுக்கக் கடுகுப் புல். டீச்சர் செல்போனை எடுத்தார்.

"டீச்சர், இப்ப வேணாமே..."

"ஹவ், ஆமா தம்பி, எனக்கும் பாவமாத்தான் இருக்கு. ஆனா விதின்னா விதிதானே?" கிளிக்.

இன்றுவரை எங்கள் குரூப்பின் முகப்புப் படம் அதுதான். இப்போதெல்லாம் கொலுவில் தெப்பக்குளத்துக்குக் கண்ணாடித் துண்டுதான். ஆனாலும் டீச்சர் வருடா வருடம் டார்ச்சோடு வந்து, கண்ணாடியைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சுண்டல் வாங்குகிறார்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். சாம்பாரில் உப்பு குறைச்சல் என்று வாயைத் திறந்தால் போதும். காஞ்சனா உள் அறைப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். உள்ளே படித்துக்கொண்டிருக்கும் நிலாதான் குரல் கொடுப்பாள்: "நானா, சேப்பலு!"

அதே சாம்பாரை இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன்.